வியாழக்கிழமை இசிவும் தட்டிக்குப் பின்னால் நானும்

அடுத்தவர் குறையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு உத்தியோகமா என்று சிரிக்கிறவர்கள், ஒரே ஒரு வியாழக்கிழமை என் முக்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பொழுது சாய்வதற்குள் அவர்கள் குறையைக் கேட்க ஒரு ஆள் தேவைப்படும்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்கு தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று எல்லோருடைய பேரையும் ஊரையும் மாற்றி ஒரு காகிதத்தில் குறித்துவைத்தேன். இப்போது அந்தக் காகிதத்தைக் காணோம். ஆகையால் இதில் வருகிற மெஹர் என்ற பெண்ணின் பேர் மெஹர் இல்லை. அவள் வாலாஜாபேட்டைக்காரியும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நாலு பேர் குறையைக் கேட்டுக் கேட்டு, யாரிடம் எதைச் சொன்னோம், எதை விழுங்கினோம் என்று தூக்கம் கெட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் நான் பொறுப்பில்லை.

வேலை கிடைத்த விதம்

ஆம்பூரில் பெண்களுக்கென்று ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு கணியம்பாடியிலிருந்து வந்து அங்கே தரை பெருக்கவும் தண்ணீர் நிரப்பவும் சேர்ந்தேன். பின்கட்டில் ஓர் அறையும் கொடுத்தார்கள். டாக்டரம்மா திங்களும் வியாழனும் வேலூரிலிருந்து ரயிலில் வருவார். ஒரு நாள், ஆறு மாதமாகத் தலைவலி என்று வந்த ஒருத்தி, தன் முறை வருகிறவரை என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டே ஊம் ஊம் என்றேன். முறை வந்து பேர் கூப்பிட்டபோது, தலைவலி போய்ட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, அவளுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டார். ஏதோ திருட்டுப் பட்டம் கட்டப்போகிறார் என்று நினைத்து, என் முந்தானையை உதறிக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. இங்கே வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு நெஞ்சிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை, மனசில்தான் வியாதி என்று அவர் படித்த புத்தகத்தில் இருக்கிறதாம். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு மூங்கில் தட்டி கட்டினார். தட்டிக்கு அந்தப் பக்கம் வருகிறவருக்கு ஒரு பலகை. இந்தப் பக்கம் எனக்கு ஒரு முக்காலி. முகம் பார்க்காதே, பேர் கேட்காதே, யோசனை சொல்லாதே, எதையும் கையில் வாங்காதே என்றார். கடைசியில், ஒருத்தி சொன்னது ஒரு சொட்டு வெளியே போனாலும் உனக்கு வேலையும் இல்லை, அறையும் இல்லை, அதைவிட அந்தப் பெண்ணுக்கு வீடே இல்லாமல் போகும் என்றார். எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்ற கம்பவுண்டர் சொன்னார்: "நானாவது மருந்துல தண்ணி கலக்கறேன். நீங்க மருந்தே இல்லாம தண்ணி குடுக்கப் போறீங்க."

ஊம்

ஊம் கொட்டுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். நீளமாகச் சொன்னால் ஒத்துக்கொண்டதாக ஆகிறது. குட்டையாகச் சொன்னால் அவசரப்படுத்துகிறோம் என்கிறார்கள். மேலே தூக்கிச் சொன்னால் கேள்வி. கீழே இறக்கிச் சொன்னால் ஏளனம். ஒருத்தி கேட்டேவிட்டாள், இப்போ நீங்க என் மாமியார் பக்கமா என் பக்கமா என்று. அதன் பிறகு பின்கட்டில் பானைகளைப் பார்த்து ஊம் சொல்லிப் பழகினேன்.

அப்படிப் பழகியும் மாட்டிக்கொண்டேன். தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன் பெண்சாதி ஒருத்தி, அம்மா வீட்டுக்கே போய்டலாம்னு தோணுது என்றாள். நான் ஊம் என்றேன். எழுந்தவள் நேரே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் அவள் புருஷன் முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு காய்ந்த கையோடு வாசலில் வந்து நின்றான். அவனுக்கு என்மேல் கோபம்கூட இல்லை. கும்பிட்டுக்கொண்டே சொன்னான்: "உங்க ஊம்லதான் அவ போய்ட்டாம்மா. இன்னொரு ஊம் போட்டு வரவெச்சுடுங்க."

தரம் பிரிக்கிறவர்

யோசனை சொல்லாதே என்ற கட்டளையை ஒரே ஒரு தடவை மீறினேன். ஒருத்தியின் புருஷன் மண்டியில் தோல் தரம் பிரிக்கிறவர். நாள் முழுவதும் தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, முதல் தரம், இரண்டாம் தரம், தள்ளுபடி என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தும் அதே பழக்கம். தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாராம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மூத்தவன் இரண்டு, சின்னவன் ஒன்று என்பாராம். ஒரு நாள் பெண்சாதியையும் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இரண்டாம் தரம், ஓரத்தில் கொஞ்சம் சுருக்கம் என்றாராம். அன்றிலிருந்து இவளுக்குச் சாப்பாடு செல்லவில்லை, கண்ணாடி பார்க்கப் பயம். எனக்குப் பொறுக்கவில்லை. நீயும் அவரைத் தரம் பார்த்துச் சொல்லேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அன்று சாயங்காலமே அவரை வெளிச்சத்துக்கு இழுத்து, முன்னும் பின்னும் பார்த்து, தள்ளுபடி என்று சொல்லிவிட்டாள். மனிதர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். பெண்கள் ஆஸ்பத்திரி என்று கம்பவுண்டர் தடுத்தும் போகவில்லை. கண் கலங்க அவர் சொன்னது இது: "முப்பது வருஷத்துல ஒரு தோலைக்கூட ஒரு தடவை பாத்துட்டு நான் தள்ளுபடி பண்ணதில்லை சார். இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க."

மூடி போட்ட பாத்திரம்

தூக்கமே வராமல் இருந்த ஒரு பாய் வீட்டு அம்மாவுக்கு, நாலு வாரம் பேசிய பிறகு தூக்கம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மூடி போட்ட பாத்திரத்தில் பிரியாணி அனுப்பிவிட்டார். வாங்கக் கூடாது, திருப்பினால் அவர் மனம் நோகும், நொந்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுபடி முதலிலிருந்து நாலு வாரம். நான் பாத்திரத்தைத் தொடாமல் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் பாத்திரம் காலி. கம்பவுண்டர் வாய் துடைத்துக்கொண்டிருந்தார். நன்றிக்கு வந்ததை இவர் தின்றால் இவருக்கு விஷயமும் தெரிந்ததாக அந்த அம்மா நினைத்துக்கொள்வாரே என்று நான் அழாத குறை. அவர் நிதானமாக ஏப்பம் விட்டுச் சொன்னார்: "கறி இருந்துச்சு, முட்டை இருந்துச்சு. ரகசியம் ஒண்ணும் இல்லியே பாக்கியம்மா."

வியாழக்கிழமை மட்டும்

இனிச் சொல்லப்போவதுதான் என்னை ஆட்டிவைத்த விஷயம். தோல் வியாபாரி வீட்டு மருமகள் மெஹர். பத்தொன்பது இருபது வயது இருக்கும். அவளுக்குக் கை கால் இழுத்து இசிவு வருகிறது என்று மாமியார் திரை கட்டிய ஜட்கா வண்டியில் வாராவாரம் கூட்டிவருவார். மாமியார் வாசலில் ஜட்காவிலேயே இருப்பார். பெண் மட்டும் உள்ளே வருவாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை, தட்டிக்குப் போ என்றார். பலகையில் உட்கார்ந்து ஒரு நாழிகை பேசவே இல்லை. வேர்க்கடலை உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது வாரம்தான் வாயைத் திறந்தாள். வீட்டில் பதினோரு பேராம். விடிந்ததிலிருந்து மெஹர், மெஹர் என்று கூப்பிட்டபடி இருப்பார்களாம். ஒரு வியாழக்கிழமை வெறும் வயிற்றில் நிஜமாகவே மயங்கி விழுந்தாளாம். இங்கே கொண்டுவந்து போட்டார்களாம். அன்று ஒரு மணி நேரம் யாருமே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தச் சுகத்தை விட மனசில்லாமல் அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் பத்து மணிக்கு விழுகிறாள். மெத்தை அடுக்கி வைத்திருக்கிற பக்கமாகப் பார்த்து விழுவாளாம்.

தெரிந்தால் பெட்டியோடு வாலாஜாபேட்டைக்கு அனுப்பிடுவாங்க, யாருக்கும் சொல்லாதீங்க பாக்கியம்மா என்று தட்டிக்குக் கீழே கையை நீட்டி என் காலைத் தொட்டாள். எனக்கு அன்றிலிருந்து சங்கடம். இது பொய்யா, வியாதியா? பொய் என்றால் நானும் கூட்டு. வியாதி என்றால் நான் வைத்தியம் செய்கிறேனா, வளர்க்கிறேனா? பேர் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் கேட்டேன், ஒருத்திக்கு வியாழக்கிழமை மட்டும் இசிவு வருமா அம்மா என்று. அவர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "மத்த ஆறு நாளும் அவளை யாரும் கவனிக்கலேன்னா கண்டிப்பா வரும்."

செருப்பு

முகம் பார்க்கக் கூடாது என்றுதான் டாக்டரம்மா தட்டி கட்டினார். ஆனால் அந்தத் தட்டி தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. குனிந்து உட்கார்ந்திருக்கிற எனக்குக் கால் மட்டும் தெரியும். நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் போகிற இடத்தில் அதுதான் இருந்தது. செருப்பில்லாத காலை மெட்டியால் தெரியும். செருப்புப் போட்ட காலைக் கேட்கவே வேண்டாம். ஆம்பூரில் தோல் வியாபாரி வீடு ஒவ்வொன்றும் தன் கிடங்குத் தோலில், தன் ஆளை வைத்துத் தைத்துக்கொள்ளும். ஒரு வீட்டுச் செருப்பு இன்னொரு வீட்டுக் காலில் இருக்காது. மெஹருடையது சிவப்புப் பூ வைத்துத் தைத்தது. ஊரிலேயே ஒரு ஜோடிதான். கால் எப்படி இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? இந்த ஊரில் இருந்து இருந்து எனக்குச் செருப்புத்தான் கண்ணில் படும், கால் படாது.

அந்த வியாழக்கிழமை சிவப்புப் பூச் செருப்பு வந்து பலகைக்குக் கீழே நின்றது. இரண்டு வாரமாகச் சிரிக்கப் பழகியிருந்த பெண். நானும் கொஞ்சம் துணிந்து போயிருந்தேன். அவள் வாயைத் திறக்குமுன் நானே கேட்டேன், இன்னிக்கு எங்கேடியம்மா விழுந்தே, மெத்தை மேலேயா, மாமியார் மேலேயா என்று. அந்தப் பக்கம் கடலை உடைக்கிற சத்தம் இல்லை. பிறகு தட்டியின் ஓரத்தில் ஒரு கை வந்தது. தட்டியை ஒதுக்கிக்கொண்டு ஒரு முகம் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஐம்பது வயசு முகம். ஜட்காவை விட்டு இறங்குகிற அவசரத்தில் வண்டியில் படுத்திருந்த மருமகளின் செருப்பு காலுக்கு அகப்பட, அதை மாட்டிக்கொண்டு, பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்த மாமியார் அவர். கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, "என் மேலதான் விழுந்தா" என்றார்.

கம்பவுண்டர் உட்கார்ந்தது

அவர் எழுந்து போனார். ஜட்கா போகிற சத்தம் கேட்டது. அடுத்த வியாழக்கிழமை ஜட்கா வரவில்லை. பத்து அடித்தது, பதினொன்று அடித்தது. பெண்ணைப் பெட்டியோடு அனுப்பியிருப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வாலாஜாபேட்டை ரயிலில் அவள் ஜன்னல் ஓரம் அழுதுகொண்டு போவதுபோலவே கண்ணில் தெரிந்தது. நானும் என் டிரங்குப் பெட்டியை இறக்கித் துணிகளை மடித்து வைத்தேன். பிறகு எடுத்தேன். மறுபடி வைத்தேன். இதை யாரிடம் சொல்வது? ஊர்க் குறையெல்லாம் கேட்க நான் இருக்கிறேன். என் குறையைக் கேட்க யார்? மத்தியானம் தாழ்வாரம் காலியாக இருந்தபோது, வருகிறவர்கள் உட்காருகிற பலகையில் நானே போய் உட்கார்ந்து, பேர் ஊர் எதுவும் வராமல், தட்டியைப் பார்த்து மனசில் இருந்ததைக் கொட்டினேன். ஒருத்தி என்னை நம்பினாள், நான் அவளைக் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஊம் என்று சத்தம் வந்தது.

என் உயிர் போய் வந்தது. எட்டிப் பார்த்தால் நிழலுக்காக வந்த கம்பவுண்டர் என் முக்காலியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். என்னவெல்லாம் கேட்டீர் என்று கேட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: "இந்த வேலை கஷ்டந்தான் பாக்கியம்மா. ரெண்டு தடவை தூங்கிட்டேன். ஊம் மட்டும் விடாம சொல்லிட்டேன்."

பெரிய பீபி வந்தது

அதற்கடுத்த வியாழக்கிழமை ஜட்கா வந்தது. மாமியாரை அந்த வீட்டில் பெரிய பீபி என்பார்கள். அவரே மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். நான் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணை அனுப்பாதீங்க என்று தட்டியைப் பார்த்துக் கும்பிட்டேன். அவளை எங்கே அனுப்பறது, வீட்டு வேலையை யாரு பாக்கறது, நீ உக்காரு என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். பெண் நடிக்கிறாள் என்று இரண்டாவது வாரமே தெரியுமாம். நிஜமாக மயங்குகிறவள் மெத்தை பார்த்து விழுவாளா? தெரிந்தும் ஏன் கூட்டிவந்தீங்க என்று, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். முப்பத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவர் தனியாக உட்கார்ந்ததில்லையாம். வியாழக்கிழமை ஜட்காவில் திரையை இழுத்துவிட்டு, ஒரு மணி நேரம் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருப்பதுதான் அவருக்கு வாரத்தில் ஒரே நிம்மதி. அவள் நடிப்பைக் கலைத்துவிட்டால் இவருக்கும் அது போய்விடும்.

நான் அன்று உளறிய பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்களாம். ஆளுக்கு ஒரு வியாழக்கிழமை என்று ஏற்பாடு. போன வாரம் ஏன் வரலை என்று கேட்டேன். பெரிய பீபி இடுப்பைத் தேய்த்துக்கொண்டார்: "போன வாரம் நான் விழற முறை. எனக்கு விழத் தெரியல பாக்கியம். நிஜமாவே அடிபட்டுட்டுது."

டாக்டரம்மாவின் தீர்ப்பு

பெண் தப்பித்தாள். நான் இன்னும் தப்பிக்கவில்லை. சொல்லாமல் விட்டால் ரயில் வருகிற ஒவ்வொரு திங்களும் வியாழனும் எனக்குத்தான் இசிவு வரும்போல் இருந்தது. டாக்டரம்மா காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. நீ அவளை இரண்டு தடவை கெடுத்தாய், செருப்பைப் பார்த்தது ஒன்று, வாயைத் திறந்தது ஒன்று, நல்லபடி முடிந்தது உன் சாமர்த்தியம் இல்லை என்றார். முதலில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேள் என்றார். வேலை போச்சா அம்மா என்று கேட்டேன். "உன்னை அனுப்பிட்டா புதுசா ஒருத்தியைப் பழக்கணும். அவ செருப்பைப் பாக்க மாட்டா, கம்மலைப் பாப்பா" என்றார். அதை இவள் இருக்கட்டும் என்று எடுத்துக்கொள்வதா, போகட்டும் என்று எடுத்துக்கொள்வதா என்று புரியாமல் அன்று பெட்டியைப் பாதி கட்டி வைத்தேன்.

மெஹர் வந்த வாரம் தட்டி வழியாக மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் கடலை உடைத்தாள். உங்கமேல கோபம் இருந்துச்சு, ஒரு வாரம் உங்களைத் திட்டிட்டே இருந்தேன் என்றாள். நியாயம்தான் என்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப இல்ல. ஆனா மாமி ரொம்ப மோசமா விழறாங்க பாக்கியம்மா, பாத்தாலே பொய்னு தெரியுது. நீங்களாவது அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றாள்.

காலைக் காணோம்

இத்தோடு விட்டதா? பெரிய பீபி ஒரு கல்யாண வீட்டில், நம்ம பாக்கியம் செருப்பைப் பாத்தே ஆளைச் சொல்லிடும் என்று பெருமையாகப் பேசிவிட்டார். அவர் என்னைப் புகழத்தான் நினைத்தார். அடுத்த திங்கட்கிழமை தட்டிக்குக் கீழே ஒரு காலும் இல்லை. எல்லோரும் பலகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இரண்டு காலையும் ஒரு மூங்கில் கூடைக்குள் விட்டுக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி புருஷன் செருப்பைப் போட்டு வந்து, பேசி முடிக்கிற வரையில் ஆண் குரலில் பேசினாள். வியாழக்கிழமை இதுவும் இல்லை. பலகை காலி.

தட்டியைத் தரை வரைக்கும் இறக்கிக் கட்டினேன். அப்படியும் யாரும் வரவில்லை. செருப்பைப் பார்த்தவள் இருமலையும் கண்டுபிடிப்பாள் என்று பேச்சு. அதில் பொய்யும் இல்லை. இருமலில் எனக்கு எட்டுப் பேரைத் தெரியும். தலைவலிக்காரிகள் எல்லோரும் மறுபடி மருந்து கேட்டு டாக்டரம்மா அறைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஆள் வராத பலகைக்கு எதற்கு ஒரு முக்காலி என்று அவர் கேட்க எத்தனை நாளாகும்? வரிசையைப் பார்த்து நின்ற என்னிடம் கம்பவுண்டர் சொன்னார்: "உங்களால எனக்கு வேலை ஜாஸ்தி ஆய்டுச்சு. தண்ணிகூடப் பத்தலை."

பஞ்சு

கடைசியில் செய்தது இதுதான். மருந்தறையிலிருந்து பஞ்சு கேட்டு வாங்கி, இரண்டு காதிலும் திணித்துக்கொண்டேன். நடிப்புக்கு அல்ல, நிஜமாகவே திணித்தேன்; பாதிதான் காதில் விழும், பாதி கேட்டவளால் முழுசாக உளற முடியாது என்பது என் கணக்கு. டாக்டரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் என் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உரக்க, "யாராவது உசிரை விடறேன்னு சொன்னா அது மட்டும் கேக்கற அளவுக்கு வெச்சுக்கோ. அதை என்கிட்ட வந்து சொல்லியே ஆகணும். மத்ததுக்கு ஊம் போதும்" என்றார். அந்த அளவுக்கு ஒரு நூல் பஞ்சைக் குறைத்தேன். அப்புறம் பஞ்சு தெரியும்படி கொண்டையை ஏற்றிக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் இரண்டு தடவை நடந்தேன். கம்பவுண்டர் ஏதோ கேட்டார்; நான் நிஜமாகவே இன்னா, இன்னா என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை பலகையில் இடமில்லை. கீழே பாய் விரித்து உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தார்கள். முன்பு கிசுகிசுத்தவர்கள் இப்போது தாராளமாகப் பேசினார்கள். முன்பு சிரித்து மழுப்பியவர்கள் நன்றாக அழுதார்கள். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று அவர்களுக்கும் பயமில்லை, எனக்கும் பயமில்லை. தரம் பிரிக்கிறவர் பெண்சாதி வெளியே போகும்போது அடுத்தவளிடம் சொல்லிக்கொண்டு போனது, பஞ்சையும் தாண்டி என் காதில் விழுந்தது: "முன்னைவிட இப்பதான் அந்தம்மா கவனமா கேக்கறாங்க. நடுவுல ஒரு வார்த்தை பேசறதில்ல பாரு."

ஆகவே என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: காலையில் தலை வாரி முடித்ததும் இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு, தட்டியைத் தரை வரைக்கும் இறக்கிவிட்டு, அதன் பிறகே நான் முக்காலியில் உட்காருகிறேன், பாதி கட்டி வைத்த அந்தப் பெட்டியையும் இன்னும் முழுசாக அவிழ்க்கவில்லை.